கயிறு ரெண்டு தடவ ஆடுற வரைக்கும்

அப்பு,

மத்தியானம் சோத்துக்கு வர்றப்ப இந்தக் காகிதத்த உன் கதவுக்கு அடியில தள்ளிட்டு நான் திரும்ப வேலைக்குக் கெளம்பிருவேன். நீ படிக்கிற வரைக்கும் வெளிய காத்துக்கிட்டு இருக்க என்னால ஏலாது. உனக்கே தெரியும், உங்கப்பன் ஒரு எடத்துல அஞ்சு நிமிசம் உக்காந்தா காலு தானா ஆட ஆரம்பிச்சிரும். எழுத்து கோணல்மாணலா இருக்கும். பத்தாவது பாதியில பையத் தூக்கி எறிஞ்சவன் கையெழுத்து இம்புட்டுத்தான். தப்பு இருந்தா சிரிச்சுக்க. சிரிக்கிறத செத்த சத்தமாவே சிரி, உங்கம்மாவுக்குக் கேக்கட்டும்.

நேத்து மத்தியானம் உன் கதவுல டொக்கு டொக்குன்னு சத்தம் கேட்டுச்சுல்ல, அது நான்தான். சுத்தியலும் திருப்புளியும் வச்சு மேல் கீலோட ஆணிய உருவிட்டேன். கீழ் கீலுக்குக் குனியிறேன், உங்கம்மா வந்து என் கை மேல கைய வச்சா. கத்தப்போறான்னு பாத்தேன். கத்தல. "ஏய்யா, கயிறு ஆடுச்சா?"ன்னு மட்டும் கேட்டா. நான் சுத்தியலக் கீழ வச்சிட்டேன். ஆணிக்கு எண்ண விட்டு பழையபடி அடிச்சு எறக்கிட்டேன். உன் கதவு இப்ப முந்தியவிட கெட்டி. யாரும் ஒடைக்க மாட்டாங்க, பயப்படாமப் படு. ஆனா உங்கம்மா கேட்டது உள்ள இருந்த உன் காதுலயும் விழுந்திருக்கும். என்ன கயிறு, அது எதுக்கு ஆடணும்னு உனக்குப் புரிஞ்சிருக்காது. இத உங்கிட்ட நான் சொன்னதே இல்ல. அசிங்கமா இருந்துச்சு, அதான் சொல்லல. இப்ப முத்து மாமா குடோன்ல, கல்யாண மேடைக்குக் கட்டுற துணிமூட்டைக்கு நடுவுல உக்காந்து இத எழுதுறேன். மாமா ரெண்டு தடவ எட்டிப் பாத்துட்டாரு. "என்ன மாப்ள, சொத்து எழுதி வைக்கிறியா?"ன்னு கேட்டாரு. ஆமான்னு சொல்லிருக்கேன்.

குஜிலியம்பாறை பக்கம் நம்ம சொந்த ஊருப் பெருமாள் கோயில் உனக்குத் தெரியும். சித்திரையில பெருமாள் எறங்கி மண்டபத்துக்கு வந்து ஒவ்வொரு அவதாரமா மாறிக் காட்டுவாரு. பெரிய ஊருல பத்து அவதாரம், விடிய விடிய நடக்கும். நம்ம ஊரு மழை பேஞ்சாத்தான் வெள்ளாம, அதனால ஆறே வேசம். மீனு, ஆமை, பன்னி, சிங்கம், குள்ளன், கடைசியா மோகினி. அதுவும் பகல்லயே. கரண்டு வர்றதுக்கு முந்தி தொடங்கின பழக்கம், மூணு மணிக்கு ஆரம்பிச்சு வெளக்கு வைக்கிற நேரத்துக்கு முடிச்சிருவாங்க. மண்டபத்துத் தூணுக்குத் தூணு பச்சத் திரை கட்டியிருப்பாங்க. திரைக்கு உள்ள முத்து மாமா. அவங்க குடும்பந்தான் அந்தக் கோயிலுக்கு பூ கட்டி அலங்காரம் பண்றது. அப்ப மாமாவுக்கு இருவது வயசு. அவங்கய்யாவுக்கு கை நடுங்க ஆரம்பிச்சதால இவர் தலையில விழுந்திருச்சு. திரைக்கு வெளிய, தூணு ஓரமா நான். எனக்குப் பதினேழு. லாரியில கிளீனரா போயிட்டு, அதுவும் புடிக்காம ஊருல சும்மா சுத்திக்கிட்டு இருந்தேன். "சும்மாதான நிக்கிற, இந்தக் கயித்தப் புடி"ன்னு குடுத்தாங்க. ஊருக்குள்ள எனக்குக் குடுத்த மொத வேலை அதுதான்.

வேலை என்னன்னா, ஒன்னுமே செய்யாம நிக்கிறது. திரை இழுக்குற கயிறு ஒரு வளையத்துல போயி உள்ள திரும்பி வரும். வெளி நுனி என் கையில. உள்பக்கம் மாமா கைக்கு எட்டுற மாதிரி தொங்கும். மாமா வாயில குண்டூசிய கடிச்சுக்கிட்டு வேலை பாப்பாரு, அதனால பேச முடியாது. வேசம் முடிஞ்சதும் உள்ள இருந்து கயித்த ரெண்டு தடவ வெடுக் வெடுக்குன்னு இழுப்பாரு. என் கையில அது தெரியும். தெரிஞ்சதும் நான் "கோவிந்தா"ன்னு கத்திக்கிட்டு ஒரே இழு. திரை வெலகும், கொட்டு அடிக்கும், சனம் கன்னத்துல போட்டுக்கும். செத்த முந்தி மீனா இருந்த சாமி இப்ப ஆமையா நிக்கும். பிள்ளைகள்லாம் வாயப் பொளந்து பாக்கும். கயிறு ஆடுற வரைக்கும் நான் மரம் மாதிரி நிக்கணும். உங்கப்பனுக்கு உலகத்துலயே வராத ஒரே வேலை அது. அதப் போயி எங்கையில குடுத்தாங்க பாரு.

மீனு, ஆமை, பன்னி மூணுக்கும் ஒழுங்காத்தான் நின்னேன். சிங்கமும் ஆச்சு. சிங்கத்துக்கு அடுத்தது குள்ளன். அதுக்கு ஏன் அம்புட்டு நேரம் ஆச்சுன்னு எனக்குப் புரியல. வெயில் எறங்கல. கொட்டு அடிக்கிறவரு கை வலிக்குதுன்னு நிறுத்திட்டாரு. பஸ்ஸுக்குப் போகணும்னு ஒருத்தர் எந்திரிச்சாரு. "ஏலே, உள்ள பெருமாளு தூங்கிட்டாரா?"ன்னு பின்னாடி இருந்து எவனோ ஒருத்தன் கத்துனான். எல்லாரும் சிரிச்சாங்க. எல்லாரும் சாமியப் பாக்கல, என்னையத்தான் பாத்தாங்க. அப்படித்தான் எனக்குத் தோணுச்சு. கயித்துல ஒரு ஆட்டமும் இல்ல. முடிஞ்சிருக்கும், மாமா மறந்திருப்பாருன்னு நானா நெனச்சுக்கிட்டு, "கோவிந்தா"ன்னு கத்தி இழுத்துட்டேன்.

உள்ள குள்ளனும் இல்ல, சிங்கமும் இல்ல. சிங்கத் தல கழட்டிக் கீழ கெடக்குது. அட்டையில பொன் தாளு ஒட்டுன பிடரி ஒருபக்கம். குள்ளனோட ஓலக்கொட இன்னும் விரிக்காம சுவத்துல சாஞ்சிருக்கு. நடுவுல பெருமாள். நக இல்ல, பூ இல்ல, பட்டு இல்ல. ஒரு ஈரத் துண்டு மட்டும். ஒன்றரை அடி உயரம், அம்புட்டுத்தான். அத்தன வருசமா அந்தப் பெரிய அலங்காரத்துலயே பாத்த சனத்துக்கு அது அம்புட்டுச் சின்னதுன்னே தெரியாது. முத்து மாமா ஒரு கைய சாமி முதுகுல குடுத்து, இன்னொரு கையால தொடச்சுக்கிட்டு இருந்தாரு. குளிக்க வச்ச பிள்ளைக்குத் தொடப்பாங்கல்ல, அப்படி. பொம்பளைங்க கண்ண மூடிக்கிட்டாங்க. ஒரு சின்னப் பிள்ள மட்டும், "அம்மா, சாமி குட்டியா இருக்கு"ன்னுச்சு.

மாமா என்னைய அடிக்கல, வையல. வாயில ஊசி. தோள்ல கெடந்த தன் துண்ட எடுத்து சாமி மேல போட்டாரு. அப்புறம் சனத்துக்கு முதுகக் காட்டித் திரும்பி, ரெண்டு கையயும் விரிச்சு நின்னுக்கிட்டாரு. நான் திரைய மூடுற வரைக்கும் அப்படியே நின்னாரு. கயிறு வேற வளையத்துல சிக்கிக்கிச்சு, அந்த ஒரு நிமிசம் போகவே மாட்டேங்குது. மண்டபத்துப் படியில பூ கட்டிக்கிட்டு இருந்த மாமாவோட தங்கச்சி எந்திரிச்சு வந்து, கயித்த எங்கையில இருந்து புடுங்கி, சிக்கெடுத்து, திரைய மூடுச்சு. மூடிட்டு என்னையப் பாத்து, "ஒனக்கு ஒரு கயித்தக்கூட ஒழுங்காப் புடிக்கத் தெரியலயே"ன்னுச்சு. அந்தப் பொண்ணுதான் உங்கம்மா. ரெண்டு வருசத்துல என்னையவே கட்டிக்கிருச்சு. ஏன்னு இன்னிக்கு வரைக்கும் கேட்டுக்கிட்டு இருக்கேன், பதிலக் காணோம்.

அதுக்கப்புறம் அந்தக் கயித்த எனக்கு யாரும் குடுக்கல. நான் அத மறந்துட்டேன்னுதான் நெனச்சேன். நீ பொறந்து உனக்கு அஞ்சு வயசுல உன்னையத் தோள்ல தூக்கிக்கிட்டு அதே மண்டபத்துல நின்னேன். திரை மூடியிருக்கு. நீ என் காதப் புடிச்சுத் திருகி, "ப்பா, மீனு ஆமையாகுறப்ப அதுக்கு வலிக்குமா?"ன்னு கேட்ட. "சாமிக்கு ஏதுடா வலி, பேசாம பாரு"ன்னு சொன்னேன். நீ விடல. "ரெக்கையெல்லாம் எங்க போகும்? ஓடு எங்கருந்து வரும்?"ன்னு வீட்டுக்கு வர்ற வரைக்கும் பஸ்ஸுல கேட்டுக்கிட்டே வந்த. கடைசியில ஒரு அதட்டு போட்டேன், தூங்கிட்ட. இப்ப யோசிக்கிறேன் அப்பு. நம்ம கேட்ட கதையில எல்லாம் அது ஒரே வரிதான். முனிவர் சாபம் குடுத்தாரு, அவ கல்லாயிட்டா. ராசா மகன் கிளியாகிப் பறந்துட்டான். பாம்பு சட்டையக் கழட்டிப் போட்டுட்டு ஆம்பளையா எந்திரிச்சு உக்காந்துச்சு. ஆகுறதுக்கு எம்புட்டு நேரம் ஆச்சு, அந்த நேரத்துல அது என்னவா இருந்துச்சுன்னு கதை சொன்ன எவனும் சொல்லல. அது தெரிஞ்ச ஒரே ஆளு முத்து மாமா. அவரு வாயில ஊசி.

உனக்கு ஆமைன்னா உசுரு. ரெண்டாவது படிக்கிறப்ப பள்ளிக்கூடத்து மாறுவேடப் போட்டிக்கு, டிவி வந்த அட்டப்பெட்டிய வெட்டி, சணல் சாக்கு ஒட்டி, நான்தான் உனக்கு ஆமை ஓடு செஞ்சு குடுத்தேன். ஜோராத்தான் இருந்துச்சு. மேடைக்குப் பேரக் கூப்பிட்டதும் நீ ஓட்டுக்குள்ள தலைய இழுத்துக்கிட்ட. வெளிய வரல. டீச்சர் கூப்பிடுறாங்க, வரல. "நல்லா நடிக்கிறான்"னு ஒருத்தர் சொன்னாரு. நடிப்பில்லன்னு எனக்குத் தெரியும், நீ உள்ள அழுதுக்கிட்டு இருந்த. பரிசு போயிருமேன்னு நான் படியேறி வந்து உன் காலப் புடிச்சு இழுத்தேன். ஓடு எங்கையோட வந்துருச்சு. நீ ஜட்டியோட அம்புட்டுப் பேரு முன்னால ஒக்காந்திருந்த. ஆறுதல் பரிசுன்னு ஒரு டிபன் பாக்ஸ் குடுத்தாங்க. அந்த டிபன் பாக்ஸ்ல நீ ஒரு நாளும் சோறு கொண்டு போகல. உங்கம்மா அதுல கடுகு போட்டு வச்சிருக்கா. நான் அடுப்படிக்குப் போறப்பல்லாம் அது என்னையப் பாக்கும்.

இதுவும் போகட்டும்னு விட்ரலாம். நான் விட முடியாதது உன் பாட்டு. நீ சின்ன வயசுல எப்படிப் பாடுவேன்னு உனக்கே ஞாபகம் இருக்குமோ என்னமோ. ரேடியோவுல ஒரு தடவ கேட்டா போதும், குளிக்கிற எடம், கக்கூஸு, கடைக்குப் போற வழி, எல்லா எடத்துலயும் பாட்டுத்தான். பக்கத்து வீட்டு மரியம்மா டீச்சர், "உங்க பையன் குரலு கோயில் மணி மாதிரி இருக்கு, எங்க சர்ச்சுப் பாட்டுக் குழுவுக்கு அனுப்புங்க"ன்னு கேட்டாங்க. நீயும் ரெண்டு கிறிஸ்மஸுக்குப் போயிப் பாடுன. நம்ம சந்துல எனக்கு "பாட்டுக்காரன் அப்பா"ன்னு பேரு. நான் எத்தனையோ வேலை பாத்தேன், வீடியோ கடை, பூட்டுப் பட்டறை, பழக்கடை, எதுலயும் எனக்குன்னு ஒரு பேரு வந்ததில்ல. இது வந்துச்சு. அதனால அத எல்லா எடத்துலயும் தூக்கிக்கிட்டுத் திரிஞ்சேன்.

பதிமூணு வயசுல உன் குரல் ஒடைய ஆரம்பிச்சுச்சு. ஒரு வார்த்த மேல போகும், அடுத்த வார்த்த கெணத்துல விழும். நீயா பாட்ட நிறுத்திட்ட. யாரும் சொல்லல, உனக்கே தெரிஞ்சிருக்கு இது மூடியிருக்க வேண்டிய நேரம்னு. எனக்குத்தான் தெரியல. உங்கத்தை மக காது குத்துக்கு கல்யாண மண்டபத்துல நூறு பேரு இருந்தாங்க. மைக்குச் செட்டுக்காரன் மைக்க என் பக்கம் நீட்டுனான். நான் உன் பேரச் சொல்லிக் கூப்பிட்டேன். நீ தலைய ஆட்டுன. தூணுக்குப் பின்னாடி போன. "என்னலே வெக்கம், பொட்டப்புள்ள மாதிரி, வந்து பாடுலே"ன்னு மைக்குல கத்துனேன். வந்த. பாடுன. ரெண்டாவது வரியில குரலு கிறீச்சுன்னுச்சு. மொத்த மண்டபமும் சிரிச்சுச்சு. அவங்க சிரிச்சத விடு, அவங்க வெளியாளுங்க. நான் மைக்க வாங்கி அதே மாதிரி கிறீச்சுன்னு பாடிக் காட்டுனேன் பாரு, அதுக்கு இன்னும் அதிகமாச் சிரிச்சாங்க. நீ சாப்பிடாம வெளிய போயி பைக்கு மேல உக்காந்திருந்த. அன்னையில இருந்து உன் வாயில பாட்டு இல்ல. அஞ்சு வருசம். உங்கம்மா அன்னைக்கு வீட்டுக்கு வந்து, "கயிறு ஆடுறதுக்கு முந்தி மறுபடியும் இழுத்துட்டியே"ன்னா. வெளயாட்டுக்குப் பண்ணுனேன், இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்குறான்னு நான் அவகிட்டச் சண்டைக்குப் போனேன். வெளயாட்டு இல்ல அப்பு. அது தப்பு. இத உன் மொகத்தப் பாத்துச் சொல்லணும்னு நெனச்சு நெனச்சு, சொல்லாமயே உனக்கு மீசை மொளச்சிருச்சு.

இப்ப நீ கோயம்புத்தூர்ல இருந்து பெட்டியோட வந்து இன்னையோட இருவத்திமூணு நாளாச்சு. "இனிமே காலேஜுக்குப் போகல"ன்னு மூணு வார்த்த சொல்லிட்டு உள்ள போயித் தாழ்ப்பாளப் போட்ட. நான் என்ன செஞ்சேன்னு நீ உள்ள இருந்து கேட்டுக்கிட்டுத்தான இருந்த. மொத நாளே தெருவுக்கே கேக்குற மாதிரி கத்துனேன். உன் வார்டனுக்குப் போன் போட்டேன், உன் கூடப் படிச்ச பையனுக்குப் போட்டேன், ரீசார்ஜ் தீருற வரைக்கும் போட்டேன். உன் பெரியப்பாவக் கூட்டியாந்தேன், பழைய கணக்கு வாத்தியாரக் கூட்டியாந்தேன். ஒவ்வொருத்தரா உன் கதவுக்கு முன்னாடி ஸ்டூலப் போட்டு உக்காந்து புத்தி சொன்னாங்க. மண்டபத்துல திரைக்கு முன்னாடி சனம் உக்காந்திருந்துச்சே, அதே மாதிரி. ஒரு நாளு நீ உள்ள இருந்து "போங்கப்பா"ன்னு ஒரு சீறு சீறுன. அன்னைக்கு எனக்கு ரத்தம் கொதிச்சுச்சு. இப்ப வேற ஒன்னு ஞாபகம் வருது. லாரியில போறப்ப வைக்கோல் லோடுல ஒரு சாரப்பாம்பு சட்ட உரிச்சுக்கிட்டு கெடந்துச்சு. நான் குச்சியால சீண்டுனேன், அது தலையத் தூக்கி அடிச்சுச்சு. டிரைவர் அண்ணன் என் மண்டையில ஒன்னு வச்சு, "ஏலே, சட்ட உரிக்கையில அதுக்குக் கண்ணு மங்கிப்போகும். எது வந்தாலும் அதுக்கு எதிரிதான். அது உன் மேல கோவத்துல அடிக்கல, பயத்துல அடிக்குது"ன்னாரு.

எனக்கு ஏன் அம்புட்டுக் கோவம்னு சொல்லிர்றேன். நீ படிப்ப விட்டேன்னு மட்டும் இல்ல. நீ நானா மாறிட்டியோன்னு பயம். பெட்டியோட நீ வாசல்ல நின்னப்ப, பத்தாவது பாதியில பையத் தூக்கி எறிஞ்சிட்டு எங்கய்யா முன்னாடி நின்ன என்னையவே பாத்தேன். எங்கய்யா ஒரு வார்த்த கேக்கல. மறுநா காலையில சட்டையப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போயி லாரி ஷெட்டுல விட்டுட்டு வந்தாரு. ஏன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேனான்னு தெரியல, ஆனா பத்து நாளு சும்மா விட்டிருந்தா நானே யோசிச்சிருப்பேன். எனக்கு யாரும் திரை புடிக்கல அப்பு. அதான் நான் ஒரு வேசமும் முழுசாக் கட்டாம, நாப்பது வயசுலயும் ஆறு மாசத்துக்கு ஒரு வேலைன்னு சுத்துறேன். முத்து மாமா கூட இருக்குற இந்த வேலைதான் எனக்கு ரெண்டு வருசம் தாண்டுனது. அதுவும் மாமா என்னைய எதுக்கும் அவசரப்படுத்தல, அதனால.

சிங்க வேசத்துக் கதையில ஒரு அப்பன் வருவான்ல. உள்ள யாரு இருக்கான்னு மகனப் போட்டு உலுக்குவான், மகன் பொறுமையாச் சொல்லுவான், அப்பனுக்குப் பொறுக்காது, போயித் தூணுல ஒதைப்பான். சின்ன வயசுல அந்தக் கதையக் கேக்குறப்பல்லாம் சிங்கம் வர்றதுக்குத்தான் கை தட்டுவேன். நேத்து சுத்தியலோட உன் கதவுக்கு முன்னாடி நின்னப்பத்தான் அந்தக் கதையில நான் யாருன்னு தெரிஞ்சுச்சு. வெக்கமாப் போச்சு.

ஆணிய அடிச்சு எறக்குனதுக்கப்புறம் உங்கம்மா என்னைய அடுப்படிக்குக் கூட்டிட்டுப் போயி, "இந்தா பாருய்யா, உங்கிட்டச் சொல்லக்கூடாதுன்னுதான் இருந்தேன்"னு ஆரம்பிச்சா. நான் வண்டிய எடுத்துக்கிட்டுப் போன சத்தம் கேட்டதும் நீ தாழ்ப்பாளத் தொறந்துக்கிட்டு வெளிய வர்றியாம். அவ கூட உக்காந்து வெஞ்சனத்துக்கு வெங்காயம் உரிச்சுக் குடுக்குறியாம். மாடியில துணி காயப் போடுறியாம். நான் வர்ற சத்தம் கேட்டா உள்ள போயிர்றியாம். அப்ப நீ உலகத்துக்குப் பயந்து ஒளியல. எனக்குப் பயந்துதான். அது நெஞ்சுல குத்துச்சு. "இன்னொன்னு"ன்னா. "என்ன?" "பாடுறான்." நான் நம்பல. "யாரு?" "நீ பெத்த பிள்ளதான். வேற யாரு, அடுத்த வீட்டுக்காரனா?"

நான் வண்டிய எடுத்துக்கிட்டு, நீ கேக்கட்டும்னு நல்லா முறுக்கி சத்தம் விட்டுட்டுப் போனேன். குடோனுக்குப் போகல. பஸ் ஸ்டாண்ட ரெண்டு சுத்து சுத்திட்டு, நாலு மணி வாக்குல நம்ம சந்து மொனையில வண்டிய ஆஃப் பண்ணிட்டு உருட்டிக்கிட்டே வந்தேன். மரியம்மா டீச்சர் வீட்டுச் சுவத்துக்கிட்ட வந்தப்ப கேட்டுச்சு. மொதல்ல ரேடியோன்னு நெனச்சேன். அப்புறம், வீட்டுல யாரோ ஒரு ஆம்பள இருக்கான்னு நெனச்சேன். கனமான குரலு. அவசரமே இல்லாத குரலு. நடுவுல ஒரு எடத்துல தடுக்குச்சு, நின்னுச்சு, திரும்ப அதே எடத்துல இருந்து மெதுவா ஆரம்பிச்சுச்சு. அந்தத் தடுக்குற எடத்துலதான் அது நீன்னு எனக்குத் தெரிஞ்சுச்சு. அஞ்சு வருசமா திரைக்குள்ள நீ இதத்தான் செஞ்சுக்கிட்டு இருந்திருக்க. மணி மாதிரி இருந்த குரலு எங்க போச்சு, இது எங்கருந்து வந்துச்சுன்னு, அஞ்சு வயசுல நீ பஸ்ஸுல கேட்ட கேள்வியத்தான் நான் அந்தச் சுவத்துல சாஞ்சுக்கிட்டு கேட்டேன்.

ஓடி வந்து கதவத் தொறந்து உன்னையக் கட்டிப் புடிக்கணும்னு கால் பரபரன்னுச்சு. டீச்சர் ஜன்னல்ல இருந்து என்னையப் பாத்துட்டு வாயத் தொறந்தாங்க. நான் வாயில வெரல வச்சுக் காட்டுனேன். வண்டியத் திருப்பி, சத்தம் வராம, திரும்ப மொனை வரைக்கும் உருட்டிக்கிட்டே போயிட்டேன். டீக்கடையில உக்காந்து மூணு டீ குடிச்சேன். இருட்டுற வரைக்கும் உக்காந்திருந்தேன். கடைக்காரரு, "என்னண்ணே, இன்னிக்கு இம்புட்டு நேரம் உக்காந்திருக்கீங்க, ஒடம்பு சரியில்லையா?"ன்னு கேட்டாரு. என் வாழ்க்கையில மொத தடவையா ஒரு கயித்த இழுக்காம இருந்திருக்கேன்னு அவருகிட்ட எப்படிச் சொல்ல.

அதனால இப்ப உனக்குச் சொல்றது இதுதான். நீ ஏன் வந்தேன்னு நான் கேக்கல. அடுத்து என்ன செய்யப்போறேன்னும் கேக்கல. பாட்டுத்தானான்னும் கேக்கல, அது உனக்கும் அந்தப் பாட்டுக்கும் உள்ளது. மறுபடி காலேஜுக்குப் போவியோ, வேற ஏதாச்சும் படிப்பியோ, மாமா கூட வந்து பந்தலுக்குப் பூ கட்டுவியோ, எதுவா வெளிய வந்தாலும் நான் கன்னத்துல போட்டுக்குவேன். ஆனா ரெண்டு விசயம். ஒன்னு, நான் வீட்டுல இருந்தாலும் குளி. உங்கம்மா சொல்லல, ஜன்னல் வழியா எனக்கே வாடை வருது. இன்னொன்னு, திரைக்கு இந்தப் பக்கம் ஆள் நிக்கிதுங்கறத மறந்துறாத. முத்து மாமா எம்புட்டு நேரம் எடுத்தாலும், வெளிய நிக்கிற சனத்தக் கை விட்டதில்ல. பொழுது சாயுறதுக்குள்ள கயித்த ஆட்டிருவாரு. நீயும் எப்பவாச்சும் ஆட்டணும். என்னைக்குன்னு நான் சொல்ல மாட்டேன்.

நீ அஞ்சு வயசுல கேட்டதுக்கு அன்னைக்குத் தப்பாப் பதில் சொல்லிட்டேன். வலிக்கும் அப்பு. மீனு ஆமையாகுறப்ப வலிக்கத்தான் செய்யும். ஓடு மொளைக்கிற வரைக்கும் காத்துப் பட்டாக்கூட வலிக்கும். அதுக்குத்தான் திரை. அதத்தான் மாமா அன்னைக்கு ரெண்டு கைய விரிச்சு நின்னு மறைச்சாரு. நான் பாத்துக்கிட்டே நின்னேன், எனக்குப் புரிய இருவது வருசத்துக்கு மேல ஆச்சு.

உன் ஜன்னல் கம்பியில ஒரு சணல் கயிறு கட்டியிருக்கேன், பாத்திருப்ப. இன்னைக்குக் காலையில சத்தமில்லாம வண்டிய உருட்டிக்கிட்டு வந்து, நீ மாடியில துணி காயப் போட்டப்ப கட்டுனேன். உள்ள நுனி உன் கட்டில்கிட்டத் தொங்கும். வெளி நுனி காத்துல ஆடாம, வெளிய நான் படுக்குற நார்க்கட்டில் காலுல முடிச்சுப் போட்டிருக்கேன். சிரிக்காத. மாமாகிட்டச் சொன்னேன், அவரே சிரிக்கல. குடோன்ல இருந்து பழைய வளையம் ஒன்ன எடுத்துக் குடுத்தாரு, சிக்காம ஓடட்டும்னு. ஒரு தடவ இழுத்தா டீ வேணும்னு எடுத்துக்குறேன். ரெண்டு தடவ இழுத்தா நான் வருவேன். கத்த மாட்டேன், "கோவிந்தா"ன்னுகூடச் சொல்ல மாட்டேன். கதவுக்கு வெளிய முதுகக் காட்டித் திரும்பி நிப்பேன். நீ தொறந்து, நீயா வந்து, என் தோளத் தொட்டுக் கூப்பிடு. அதுக்கப்புறம் திரும்பிப் பாக்குறேன்.

நேரமாச்சு, வாரேன். வண்டிய இன்னைக்கு நல்லாச் சத்தமா எடுத்துக்கிட்டுப் போறேன். சாயங்காலம் அஞ்சு மணிக்கு முந்தி வர மாட்டேன். அந்தத் தடுக்குற எடத்த இன்னொரு தடவ பாடிப் பாரு.

அப்பா